பழைய பாய்மரப் படகின் டெக்கில் (மேல்தளத்தில்) கைப்பிடித் தூண்களின் போல்ட் துளைகள் வழியே மழைநீர் கசிகிறது. மேலே சிலிக்கான் பூசினால் போதுமா?

போதாது. வெளி ஓரத்தில் பூசிய சிலிக்கான் சீக்கிரமே விட்டுப்போகும். அதன் மிச்சம் ஃபைபர்கிளாஸில் படிந்திருந்தால், அடுத்து எதைப் பூசினாலும் சரியாக ஒட்டாது.

பழைய படகுகள் பலவற்றின் டெக், இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துச் செய்தது. கசியும் நீர் முதலில் அந்த மரத்தைத்தான் ஊறவைக்கும். கீழே படுக்கையில் சொட்டும்போதே மரம் உள்ளே மக்கத் தொடங்கியிருக்கலாம். கைப்பிடித் தூண்களின் அடியைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. 'தொப்' என்றால் மேல் தகட்டை வெட்டி மரத்தையே மாற்ற வேண்டும்.

மரம் நன்றாக இருந்தால் தூணைக் கழற்றி, 6 மி.மீ. துளையை 12 மி.மீ. ஆக்குங்கள், கீழ்த் தகட்டைத் தொடாதீர்கள். முழுக்க உலரட்டும். ஈரத்தோடு அடைத்தால் செய்த வேலை அத்தனையும் வீண். அடியில் டேப் ஒட்டி, முதலில் வெறும் எபாக்ஸியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிசின்) மரத்தில் ஊறவிட்டு, பிறகு சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கியதால் நிரப்புங்கள். இறுகியதும் நடுவில் 6 மி.மீ. துளை போட்டு, வாயைச் சற்றே சரிவாகக் குடையுங்கள். அந்தக் குழியில் தங்கும் பியூட்டில் டேப்தான் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) நீரைத் தடுப்பது.

டேப்பை போல்ட் கழுத்தில் சுற்றி இறக்குங்கள். தலையை அசையாமல் பிடித்து, கீழே நட்டை மட்டும் திருப்புங்கள். தலை சுற்றினால் டேப் பிய்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் இடைவிட்டு இறுக்குங்கள், பியூட்டில் மெல்லப் பிதுங்கும். நட்டுக்கடியில் சிறு வாஷர் போதாது, அகலமான தகடு வையுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே பியூட்டில் வேண்டாம்.