கார்டு விளையாட்டில் ஒரு தொடக்கக் கதாபாத்திரம் நிஜமாகவே வலுவானதா என்று எப்படிக் கணிப்பது?

கேள்வியோடு ஓர் உதாரணமும் கேட்டிருக்கிறீர்கள்: டெசிஃபர் நிறுவனம் 2001ல் வெளியிட்ட லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கார்டு விளையாட்டில், 8 பலம் உள்ள அரகோர்னை வைத்துத் தொடங்கினால் அது பலமான தொடக்கமா? என் பதில்: பலமானதுதான். ஆனால் அந்த 8 மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

தெரியாதவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோதிரம் சுமக்கும் ஃப்ரோடோவுக்குத் துணையாக, மொத்த விலை 4ஐத் தாண்டாமல் சில தோழர்களை ஆட்டம் தொடங்கும் முன்பே டெக்கிலிருந்து, அதாவது நம் கார்டுக் கட்டிலிருந்து, எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் டெக்கைக் கலைத்து 8 கார்டு எடுக்கிறோம். அரகோர்னின் விலை 4, அதனால் அவர் ஒருவரே முழு இடத்தையும் எடுத்துக்கொள்வார். கிம்லிக்கும் லெகோலஸுக்கும் விலை தலா 2. அவர்களை வைத்தால் இருவராகத் தொடங்கலாம். ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் உண்மையான கேள்வி, அரகோர்னா அல்லது அந்த இருவரா என்பதுதான். ஒரு தொடக்கக் கதாபாத்திரத்தைக் காலி மேசையோடு ஒப்பிட்டால் எல்லாமே பிரமாதமாகத் தெரியும். அடுத்த சிறந்த தொடக்கத்தோடு வைத்துப் பார்த்தால்தான் மதிப்பு தெரியும்.

முதலில், ஒரு கார்டு தொடக்கத்திலேயே நிச்சயமாக மேசையில் இருப்பதன் மதிப்பைப் பாருங்கள். 60 கார்டு டெக்கில் ஒரு கார்டின் 4 காப்பி இருந்தால், முதல் 8 கார்டுகளில் ஒன்றாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 44 சதவீதம். ஒரே காப்பி என்றால் 13 சதவீதம்தான். தொடக்கத்திலேயே மேசையில் வைப்பது அதை 100 ஆக்குகிறது. இந்த விளையாட்டில் இன்னொரு லாபமும் உண்டு. கையிலிருந்து ஒரு தோழரை இறக்கினால் அவருடைய விலை ட்விலைட் குவியலில் சேரும், எதிராளி அதைச் செலவழித்துத்தான் தன் படையை இறக்குவார். அரகோர்னைப் பின்னால் இறக்கினால் எதிராளிக்கு 4 ட்விலைட் தூக்கிக் கொடுத்த மாதிரி. தொடக்கத்தில் வைத்தால் அந்த 4 மிச்சம். விலை அதிகமான கார்டைத் தொடக்கத்தில் வைப்பதற்கு இது நல்ல காரணம். ஆனால் கிம்லி, லெகோலஸ் இருவரையும் வைத்தாலும் அதே 4தான் மிச்சமாகிறது என்பதையும் கவனியுங்கள்!

அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது? மோதலில். பலம் குறைந்தவர் தோற்பார், அவருக்கு ஒரு காயம். எதிரியின் பலம் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் காயக் கணக்கே கிடையாது, அந்த இடத்திலேயே சாவு. கிம்லியும் லெகோலஸும் 6 பலம், அரகோர்ன் 8. வெறும் 2 தானே என்று தோன்றும். 13 பலம் உள்ள ஓர் எதிரி வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பலம் உள்ளவர் 12லேயே போய்விடுவார். 8 பலம் உள்ளவரைக் கொல்ல 16 வேண்டும், அதனால் அரகோர்ன் தோற்றாலும் ஒரு காயத்தோடு எழுந்து நிற்பார். செத்த கதாபாத்திரத்தின் இன்னொரு காப்பி கையில் இருந்தாலும் திரும்ப இறக்க முடியாது என்பதால், இந்த வரம்பு எங்கே விழுகிறது என்பது பலத்தின் எண்ணைவிட முக்கியம். எந்த விளையாட்டாக இருந்தாலும் அதில் அடிக்கடி வரும் எதிரிகளின் எண்களை எழுதிக்கொண்டு, உங்கள் ஆள் எந்த வரம்புக்கு மேலே நிற்கிறார் என்று பாருங்கள். வரம்பைத் தாண்டாத கூடுதல் பலத்துக்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை.

இரண்டு தொடக்கங்களுக்கும் நியாயம் இருக்கிறது. அரகோர்னுக்கு உயிர் 4, அதாவது நான்காவது காயத்தில்தான் சாவார். மற்ற இருவருக்கும் தலா 3, ஆக மொத்தம் 6. எதிராளி வில்லாளிகளை வைத்து ஆடினால் காயங்களை யார் மேல் போடுவது என்று நாம்தான் முடிவு செய்கிறோம், அப்போது 6 உயிர் பெரிய வசதி. அதோடு மோதலில் ஒரு தோழருக்குச் சாதாரணமாக ஓர் எதிரியைத்தான் நாம் ஒதுக்க முடியும். மிஞ்சும் எதிரிகளை எதிராளி தன் இஷ்டப்படி ஒதுக்குவார், அவர்கள் நேராக ஃப்ரோடோ மேல் பாயலாம். ஆள் குறைவாக இருந்தால் இந்த ஆபத்து கூடும். மறுபக்கம், நம் குழு பாதையில் அடுத்த இடத்துக்கு நகரும் ஒவ்வொரு முறையும் தோழர் எண்ணிக்கைக்கு ஏற்ப ட்விலைட் சேரும். பாதையில் 9 இடங்கள், 8 நகர்வுகள். ஓர் ஆள் கூடுதலாக இருந்தால் ஆட்டம் முழுக்க எதிராளிக்கு 8 ட்விலைட் கூடுதலாகப் போகிறது. ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த 4ஐ விட இது பெரியது, கார்டைப் பார்த்தால் இந்தச் செலவு தெரியவே தெரியாது.

நேரம் இன்னொரு விஷயம். இந்த விளையாட்டில் எதிராளியின் வலுவான படைகள் தங்களுக்குரிய இடத்துக்கு முன்பே இறங்கினால் 2 ட்விலைட் கூடுதலாகக் கட்ட வேண்டும், அதனால் ஆரம்ப இடங்கள் கொஞ்சம் இலகுவாகப் போகும். அந்த நேரத்தில் 8 பலம் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன வேலை செய்யும் கதாபாத்திரம், அதாவது காயம் ஆற்றுவது, கார்டு எடுத்துத் தருவது, விலையைக் குறைப்பது மாதிரி, முதல் சுற்றிலிருந்தே லாபம் சேர்த்துக்கொண்டே வரும். கையில் வந்தால் சுமாராகத் தெரியும் பல கார்டுகள் தொடக்கத்தில் வைத்ததும் அபாரமாக மாறுவது இதனால்தான். ஒரே ஒரு முறை பெரிய வேலை செய்யும் கதாபாத்திரத்தைத் தொடக்கத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அவர்களைக் கையில் வைத்திருந்து சரியான நேரத்தில் இறக்குவதே மேல்.

அப்புறம், அந்த நிச்சயத்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பது. இதற்கு மேஜிக் (Magic: The Gathering) என்ற கார்டு விளையாட்டில் 2020ல் நடந்ததைவிட நல்ல பாடம் கிடையாது. கம்பேனியன் என்ற புது வகைக் கார்டுகள் வந்தன. டெக் ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டால், அந்தக் கதாபாத்திரம் டெக்குக்கு வெளியே எப்போதும் தயாராக இருக்கும். லூரஸின் நிபந்தனை, மேசையில் தங்கும் கார்டுகள் எல்லாம் 2 மானா (அந்த விளையாட்டில் கார்டின் விலை கணக்கிடும் அலகு) அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. பழைய, வேகமான ஆட்ட வகைகளில் பல டெக்குகள் ஏற்கெனவே கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. அவற்றை ஆடியவர்களுக்கு விலையே இல்லாமல் ஒரு கூடுதல் கார்டு கிடைத்தது. மே மாதமே லூரஸ் விண்டேஜ், லெகஸி என்ற பழைய ஆட்ட வகைகளில் தடை செய்யப்பட்டது. ஜூனில் கம்பேனியனைக் கைக்கு எடுக்க 3 மானா கட்ட வேண்டும் என்று விதியே மாறியது. அதன் பிறகு 2021ல் விண்டேஜ் தடை நீங்கியது. லூரஸின் பலமும் நிபந்தனையும் மாறவில்லை, நிச்சயத்தின் விலை மட்டும்தான் மாறியது. ஹார்த்ஸ்டோன் என்ற கணினிக் கார்டு விளையாட்டில் 2018ல் வந்த பாக்கு, ஜென் என்ற கார்டுகளும் இதே ரகம்: டெக்கில் ஒற்றைப்படை விலை அல்லது இரட்டைப்படை விலை மட்டும் என்று ஒப்புக்கொண்டால், தொடக்கத்திலிருந்தே ஹீரோ பவர், அதாவது சுற்றுக்கு ஒரு முறை பயன்படுத்தும் திறன், மேம்படும் அல்லது மலிவாகும். இரண்டையும் புதிய கார்டுகளுக்கான ஸ்டாண்டர்ட் ஆட்ட வகையிலிருந்து ஒரு வருஷம் முன்னதாகவே எடுத்துவிட்டார்கள்.

நடைமுறையில் நான் செய்யும் சோதனை ஒன்றுதான். அந்தக் கதாபாத்திரத்தைத் தொடக்கத்தில் வைத்துச் சில ஆட்டங்கள், அப்புறம் அதே டெக்கில் அதே கார்டைக் கலைத்துப் போட்டு வேறு தொடக்கத்தோடு சில ஆட்டங்கள். எதிர் டெக் இரண்டுக்கும் ஒன்றே. ஜெயித்த எண்ணிக்கையைவிட, கை மோசமாக வந்த ஆட்டங்களை நான் கூர்ந்து பார்ப்பேன். நல்ல கை வந்தால் எந்தத் தொடக்கமும் ஓடும். மோசமான கையோடு ஆட்டம் எத்தனை சுற்று தாங்கியது என்பதே தொடக்கக் கதாபாத்திரத்தின் வேலை. கலைத்துப் போட்டபோதும் டெக் கிட்டத்தட்ட அதே மாதிரி ஓடினால், அது நல்ல கார்டு, ஆனால் நல்ல தொடக்கம் அல்ல. அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுங்கள்.

உங்கள் டெக்குக்கு வருகிறேன். ஆள் குறைவாக வைத்து வேகமாக நகரும் டெக் என்றால் அரகோர்னோடு தொடங்குங்கள், மீதிக் காப்பிகளையும் வைத்திருங்கள். அவர் மேசையில் இருக்கும்போது கையில் வரும் காப்பியைத் தூக்கிப் போட்டு ஒரு காயம் ஆற்றலாம், அதனால் அது வீண் கார்டு ஆகாது. எப்படியும் ஐந்தாறு பேரைச் சேர்க்கப்போகும் டெக் என்றால் கிம்லியும் லெகோலஸும் தொடங்கட்டும். வில்லாளி டெக்குகளை அதிகம் எதிர்கொள்கிறவராக இருந்தாலும் அந்த இருவர்தான் என் தேர்வு.