வாசகர் கேள்வி – பதில்: வகுப்பறை கீழே இறங்கி வரட்டும்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை. மூளை முடக்குவாதத்தால் இரண்டு கால்களும் விறைப்பாக இருக்கின்றன. காலுக்குத் தாங்கலாகக் காலிப்பர் அணிந்து, வாக்கர் பிடித்து நடப்பாள். கைக்கும் பேச்சுக்கும் படிப்புக்கும் குறையில்லை. எட்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தாள். பள்ளி பக்கத்துத் தெருவில் இருந்ததால் மதிய வேளையில் நானே போய்க் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வேன். இனி ஒன்பதாம் வகுப்புக்குக் கடலூருக்குத்தான் போக வேண்டும். அங்கு விசாரித்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், முடியாவிட்டால் வீட்டிலிருந்தே படித்துத் தனித்தேர்வராக எழுதட்டும் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. ஓராண்டாக நடையும் தளர்ந்திருக்கிறது. ‘வளர வளரச் சோம்பல் கூடுகிறது’ என்கிறார் மாமியார். எட்டாவது வரை படித்தது போதும் என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம் அருகில்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, சேர்க்கலாமா வேண்டாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேர்த்தே ஆக வேண்டும். அதுவும் இந்த ஜூன் மாதமே, எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகும் அதே நாளில். ‘அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளில் திரும்பவும் பள்ளிக்கு வந்தவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்போடு அரசின் கடமை முடிந்துவிட்டது என்று உங்கள் கணவர் நினைக்கக்கூடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது என்பதால் அப்படி நினைப்பவர்கள் பலர். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 18 வயது வரை போகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகிலுள்ள பள்ளியிலோ, அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அதன் 31-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்வதும், கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்கள் புழங்கத் தக்கதாக்குவதும், பிள்ளையின் தேவைக்கேற்ப உரிய வசதி செய்து தருவதும் பள்ளியின் கடமை என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நீங்கள் யாரிடமும் தயவு கேட்டுப் போகவில்லை. மகளின் மாற்றுத்திறனாளி சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்; சிறுவயதில் வாங்கியது தற்காலிகச் சான்றிதழாக இருக்கக்கூடும், காலம் முடிந்திருந்தால் பள்ளி திறப்பதற்குள் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மாடி விஷயம். ‘பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்’ என்று சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதை ஏற்காதீர்கள். கடலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்தவள் நான். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு மாணவனை நண்பர்கள் இருவர் தினமும் மாடிக்குத் தூக்கிச் சென்றார்கள். தூக்கும்போதெல்லாம் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அந்த இருவரில் ஒருவன் வராத நாளில் அவன் படிக்கட்டின் கீழே பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே நடக்கும் பாடத்தின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பான். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வகுப்பைக் கீழே மாற்றினால் என்ன என்று ஒருவருக்கும் இரண்டு ஆண்டுகள் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாற்றிய அன்று ஆன வேலை, பெஞ்சுகளை இடம் மாற்றிய ஒரு மணி நேர வேலைதான். உங்கள் மகளோ 14 வயதுப் பெண். அவளுடைய உடலைத் தினமும் பிறர் தொட்டுத் தூக்கும்படி ஒரு பள்ளி ஏற்பாடு செய்யக் கூடாது. அவள் பேசாமல் இருப்பதற்கு எனக்குத் தெரிந்து முதற்காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, அவள் சேரும் பிரிவைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியருக்கு ஒரு மனு எழுதுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறிவியல் ஆய்வகமும் கணினி அறையும் மாடியில் இருந்தால், அந்தப் பாடவேளைகளில் அவளுக்கு என்ன வழி என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். வராந்தாவுக்கு ஏறப் படிகள் இருக்கின்றனவா என்று நேரில் போய் எண்ணிப் பாருங்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பதே சாய்தளத்தின் கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் சாய்தளம் 18 அடி நீளமாவது இருக்க வேண்டும். பல இடங்களில் ஐந்தாறு அடியில் செங்குத்தாகச் சிமெண்ட் பூசிவிட்டுச் சாய்தளம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றலாமே தவிர, வாக்கரோடு இறங்கினால் முகம் அடிபட விழ வேண்டியதுதான். வாயிலிலிருந்து வகுப்பு வரை தரை எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நம் கடற்கரைப் பக்கத்து மணலில் வாக்கரின் கால்கள் புதையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வராந்தா வழுக்கும். வாக்கரின் அடியிலுள்ள ரப்பர் மூடிகள் தேய்ந்திருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள், சின்னச் செலவுதான்.

கழிப்பறையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் படிப்பை நிறுத்துவது மாடிப்படியைவிட அதுதான். என் வகுப்பில் காலிப்பர் அணிந்த ஒரு பெண் இருந்தாள். ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அவளுடைய பையை எடுத்துக் கொடுத்தபோது அது ஏன் இவ்வளவு கனக்கிறது என்று பார்த்தேன். காலையில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டி கழுத்து வரை அப்படியே இருந்தது. சித்திரை மாதத்து வெயிலில், எட்டு மணி நேரம் ஒரு மிடறும் குடிக்கவில்லை. கழிப்பறைக்குப் போக நேராமல் இருப்பதற்காக அவள் கண்டுபிடித்த வழி அது. அதன் விளைவாகச் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. நாங்களோ அவளை அடிக்கடி விடுப்பு எடுக்கும் பெண் என்று வருகைப்பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தோம். உங்கள் மகள் மாலையில் வீடு திரும்பும்போது புட்டியைப் பாருங்கள். அவளிடம் கேட்பதைவிட அது சரியாகச் சொல்லும். பள்ளியில் கேட்க வேண்டியவை இவை: உட்காரும் வகைக் கழிப்பறை ஒன்று, பிடித்து எழச் சுவரில் உறுதியான கைப்பிடி, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு, வாக்கர் நுழையும் அகலம், உள்ளேயே தண்ணீர். கட்டி முடிக்க நாளாகும் என்றால், அதுவரை கமோடு நாற்காலி ஒன்றைப் போட்டு வைக்கலாம். இடைவேளை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக அவளை வெளியே அனுப்பினால் கூட்டத்தில் இடிபடாமல் போய் வருவாள். மாதவிடாய் நாட்களில் என்ன உதவி வேண்டும், யாரிடம் கேட்பது என்பதை ஓர் ஆசிரியையோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். அந்த ஆசிரியை யார் என்பதை உங்கள் மகளே தேர்ந்தெடுக்கட்டும்.

நடை தளர்ந்ததற்கு வருகிறேன். உங்கள் மாமியார் பேத்தியின் மீது அன்பில்லாமல் சொல்லவில்லை, ஆனால் அவர் சொல்வது உண்மையல்ல. மூளை முடக்குவாதத்தில் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு கூடுவதில்லை, உடல்தான் மாறுகிறது. 12, 13 வயதில் பிள்ளைகள் சட்டென்று உயரும்போது எலும்பு வேகமாக நீள்கிறது, ஏற்கெனவே விறைத்திருக்கும் தசைகள் அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. முழங்கால் மடங்கும், குதிகால் தூக்கும், உடல் எடையும் கூடியிருக்கும். சென்ற ஆண்டு நடந்த அதே தூரத்துக்கு இந்த ஆண்டு அவள் அதிகம் உழைக்கிறாள். அந்தக் களைப்புதான் வெளியே சோம்பலாகத் தெரிகிறது. காலிப்பரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கழற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் தோலில் சிவந்த தடம் மறையாமல் இருந்தால் அது சிறுத்துவிட்டது என்று பொருள். பள்ளி திறப்பதற்குள் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரில் உள்ள உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையிலோ காட்டுங்கள். பயிற்சி போதுமா, புதிய காலிப்பரா, விறைப்பைத் தளர்த்தும் ஊசியா, அறுவை சிகிச்சையா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். பள்ளி வளாகம் பெரியதாக இருந்தால் நெடுந்தூரத்துக்குச் சக்கர நாற்காலியையும் வகுப்புக்குள் வாக்கரையும் பயன்படுத்தலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் நடை போய்விடும் என்று பயந்து மறுக்கும் பெற்றோர் உண்டு. முதல் பாடவேளைக்குள்ளேயே களைத்துப்போகும் பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஏறும் என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

போக்குவரத்துக்கு: சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். உயரமான பேருந்துப் படி அவளால் ஏறக்கூடியதல்ல என்றால், உங்கள் வட்டார வள மையத்துக்குப் போய், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தரப்படும் போக்குவரத்து உதவித்தொகையையும் துணையாளர் உதவித்தொகையையும் கேளுங்கள். சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் அந்த மையத்தின் வழியாகவே வருவார்கள். வீட்டுவழிக் கல்வி என்ற ஏற்பாடும் அங்கு உண்டு. அது பள்ளிக்கு வரவே இயலாத அளவுக்குக் கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளுக்கானது, உங்கள் மகளுக்கு வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், தரைத்தளத்தில் இருக்கை, ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கை நன்றாக இருப்பதால் அவளே எழுதட்டும், கூடுதல் நேரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும் என்பது என் கருத்து. படிக்க முடிந்த பிள்ளைக்கு மொழி விலக்கு வாங்குவதை நான் விரும்புவதில்லை.

மனுவுக்குப் பள்ளி இரண்டு வாரத்தில் பதில் சொல்லவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஒப்புகை பெற்ற நகலை இணைத்துக் கொடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் பார்வைக்கும் அது போகும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

இவ்வளவும் உங்களுக்குச் சொன்னேன். ஆனால் தலைமையாசிரியரைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சை அவளே தொடங்கட்டும். ‘எனக்கு வகுப்பு கீழே வேண்டும், என்னைத் தூக்க வேண்டாம்’ என்ற இரண்டு வாக்கியத்தை அவள் வாயால் சொல்லக் கேட்டால் மறுக்க மனம் வராது. முன்தினம் வீட்டில் தலைமையாசிரியரைப் போல உங்கள் கணவரை உட்கார வைத்து, மகளை ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் கேட்க வேண்டிய வாக்கியங்கள்தாம் அவை.

கேள்வி: பிறந்ததிலிருந்தே எனக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். உடற்கல்வி வேளையில் மற்றவர்களுடைய பைகளுக்குக் காவலாக என்னை உட்கார வைக்கிறார்கள். கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன்.
– ஒரு மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தம்பி, ‘பிறக்கும்போதே இப்படித்தான், வலிக்காது’ என்பது போதுமான பதில். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குமேல் தெரிய வேண்டியதில்லை. அடுத்த கேள்வி கிரிக்கெட்டைப் பற்றியதாக இருக்கும். கேலி செய்பவன் வேறு. அவனுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம், வகுப்பாசிரியரிடம் பெயரைச் சொல்லிவிடு. சட்டை உன் விருப்பம். கையை மறைக்க ஒரு வெயில்காலம் முழுவதும் புழுங்க வேண்டுமா என்பதை மட்டும் நீயே யோசித்துக்கொள்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதைப் பலர் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அவரை நினைத்து நாம் எல்லோரும் பெருமைப்படுகிறோம். ஆனால் ஒரு மாலை வேளையில் நண்பர்களோடு ஓடி விளையாட யாரும் பதக்கம் வாங்கிக் காட்ட வேண்டியதில்லை. உடற்கல்வி ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, ‘சார், கால்பந்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; முடியாததை நானே சொல்கிறேன்’ என்று கேள். முடியாதது எது என்று ஆடிப் பார்த்த பிறகு நீ முடிவு செய்வதுதான் முறை. ஆடாமலே பிறர் முடிவு செய்யக் கூடாது. தேர்வைப் பொறுத்தவரை, புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், உன் பள்ளியும் அதில் இருந்தால் சலுகைகளை அந்த வாரியத்தின் விதிகளின்படிதான் பெற வேண்டும். அடையாள அட்டையைப் பள்ளியில் இப்போதே கொடுத்துப் பதிவு செய்துகொள்.

பைகளை மரத்தடியில் வரிசையாக வைத்தால் போதும். காவல் வேண்டும் என்றால் முறை போட்டுக்கொண்டு எல்லோரும் காக்கட்டும். உன் முறை வரும் நாளில் நீயும் காக்கலாம்.