பிரிவுக்குப் பின் தனியாக வீட்டுக்கடன்: முதலில் பழைய கடனிலிருந்து விடுபடுங்கள்

வணக்கம் சகோதரி. நீங்களும் கணவரும் சேர்ந்து வாங்கிய கடனில், பிரிந்த பிறகு அவர் தவணை கட்டாமல் விட்டதால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண் 610 ஆகிவிட்டது என்றும், 28 லட்ச ரூபாய் வீட்டுக்குத் தனியாகக் கடன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள்.

இணைக் கடனில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பாளி. 'இனி அவரே கட்டுவார்' என்று குடும்பநல நீதிமன்றத்தில் சமரசமாக எழுதிக்கொண்டாலும், அது உங்கள் இருவருக்கும் இடையிலான ஏற்பாடாக இருக்குமே தவிர, வங்கியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே, அக்கடனை வங்கியின் ஒப்புதலோடு அவர் தம் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அவருடைய வருமானம் போதாதென்று வங்கி இசையாவிட்டால், கடனை அடைத்துத் தடையின்மைச் சான்று பெறுவதே வழி. தொகையைக் குறைத்து 'செட்டில்மென்ட்' செய்துகொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அவசரப்படாதீர்கள்; கடன் அறிக்கையில் பதியும் அந்தச் சொல்தான் அடுத்த வங்கியின் கண்ணில் முதலில் படும்.

சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கொரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் பிழையிருந்தால் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க ரிசர்வ் வங்கி விதி இடமளிக்கிறது.

30 லட்சம் வரையிலான கடனில், வீட்டின் மதிப்பில் 90 விழுக்காடு வரை வங்கி தரலாம் என்பது உச்சவரம்பு மட்டுமே. இந்த மதிப்பெண்ணுக்கு அவ்வளவு கிடைப்பது கடினம், பத்திரச் செலவும் தனி. சம்பாதிக்கும் தந்தையோ சகோதரரோ இணை விண்ணப்பதாரராகச் சம்மதித்தால் வாய்ப்பு கூடும். அதுவரை வங்கி வங்கியாக விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பத்துக்காக வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது அறிக்கையில் பதிவாகிறது.