செயலியின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு மஹரகம புற்றுநோய் மருத்துவமனையில் ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கீமோ ஆறு சுற்று எடுத்து முடித்து எட்டு மாதமாகிறது. இப்போது களைப்பு, தூக்கம், நெஞ்சுப் படபடப்பு என்று எல்லாவற்றையும் ஒரு வெளிநாட்டுச் செயலியில் தினமும் பதிகிறான். அது சிவப்பாகக் காட்டினால் அன்றைக்குச் சாப்பாடே இல்லை. அதை அழித்துவிடச் சொல்லலாமா?
ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம் அம்மா, அழிக்கச் சொல்லாதீர்கள். கீமோ நடக்கும் மாதங்களில் அவனைச் சுற்றி எப்போதும் டொக்டர், தாதி என்று யாராவது இருந்திருப்பார்கள். முடிந்ததும் சில மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஊருக்கு அவன் சுகமாகிவிட்ட பிள்ளை. அவனுக்கோ ஒவ்வொரு படபடப்பிலும் ‘திரும்ப வந்துவிட்டதோ’ என்ற பயம். உங்களிடம் சொன்னால் அழுவீர்கள் என்று போனிடம் சொல்கிறான்.

அறிகுறிகளைப் பதிந்து வைப்பது வீண் வேலையும் இல்லை. நியூயோர்க்கில் 766 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. அறிகுறிகளை இணையவழியில் மருத்துவமனைக்கு அறிவித்து வந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், 31.2 மாதம், வழமையான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். அவர்கள் எல்லோரும் நோய் பரவிய நிலையில் இருந்த பெரியவர்கள், மகனுடைய நிலை வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஒரு அறிகுறி கடுமையானால் தகவல் நேரே ஒரு தாதிக்குப் போனது. மகனின் செயலியில் மறுமுனையில் யாருமே இல்லை. சிவப்பைப் பார்த்துவிட்டு அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

அந்த இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டுவர வேண்டும். தினமும் பதிவதை வாரம் ஒருமுறை என்று குறைக்கச் சொல்லுங்கள். கிளினிக் நாளில் அந்தப் பக்கத்தை டொக்டரிடம் காட்டட்டும்.

படபடப்பை மட்டும் அதுவரை வைத்திருக்க வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். ஏபிவிடியில் டொக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து இருக்கிறது. ஆறு சுற்று முழு அளவில் ஏறினால் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். 250ஐத் தாண்டினால் இதயத்தைக் கூடுதலாகக் கவனித்துவர வேண்டும். இதயம் பழுதாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை, பயத்தாலும் இரத்தக் குறைவாலும் கூட நெஞ்சு படபடக்கும். ஈசிஜி, எக்கோ பார்த்தால் தெரிந்துவிடும். மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

போனில் செய்யக்கூடிய நல்ல வேலை இன்னொன்றும் இருக்கிறது. சின்ன வயதில் கீமோ எடுத்த ஒருவர் பல வருடம் கழித்து என்னிடம் வந்தார். மருத்துவமனையில் சிகிச்சை விவரம் எழுதிக் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டை ஷொப்பிங் பையில் சுற்றித்தான் வைத்திருந்தார். ஆனால் எப்போதோ மழையில் நனைந்து நீல மை பரவிவிட்டது. மருந்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துத் தெரிந்தது, எத்தனை மில்லிகிராம் என்பது தெரியவில்லை. அந்த இலக்கம்தான் எனக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பாவில் சில நாடுகளில் சிறுவயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு இந்த விவரத்தையெல்லாம் சேர்த்து ‘சர்வைவர்ஷிப் பாஸ்போர்ட்’ என்று மின்னியல் வடிவில் கொடுக்கிறார்கள். நமக்குக் கையில் இருக்கும் போனே போதும். கார்ட்டையும் கிளினிக் கொப்பியையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, உங்கள் போனிலும் ஒரு பிரதி வையுங்கள். ஏபிவிடியில் உள்ள பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. பிற்காலத்தில் எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டருக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் படங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டாம். யாருக்குச் சொல்வது என்பது அவன் முடிவு. நாளைக்கு வேலை, கல்யாணம் என்று வரும்போது அது அவனுக்கு முக்கியம்.

இப்போது கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு சொல்: காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் செயலியில் பதிந்துகொண்டு இருக்காதீர்கள். பரசிட்டமோல் போட்டுப் பார்ப்போம் என்றும் இருக்காதீர்கள். இரவு இரண்டு மணி என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி அம்மா, அடுத்த கிளினிக்கில் “எனக்கு மொத்தம் எவ்வளவு டொக்சோரூபிசின் ஏறியது?” என்று மகனே கேட்டு, போனில் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்தால் போதும்.