நாலரை மணி வடையும் எடைக் குறைப்பும்

கேள்வி: எனக்கு 38 வயது. மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. உயரம் 157 செ.மீ., எடை 74 கிலோ. ஜனவரியில் ஆர்வமாக ஆரம்பித்து 2 கிலோ குறைத்தேன். மார்ச் க்ளோசிங் (ஆண்டுக் கணக்கு முடிக்கும்) வேலையில் அது திரும்ப ஏறிவிட்டது. தினமும் மாலை டீயுடன் வடை, பஜ்ஜி வரும். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். டென்ஷனானால் கை தானாகப் போகிறது. ஆர்வம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பதில் (உணவியல் நிபுணர்): உங்கள் ஒருநாள் சாப்பாட்டையும் எழுதியிருந்தீர்கள். காலை ஏழரைக்கு இரண்டு இட்லி. கவுன்டரில் கூட்டம் குறைந்தபின் இரண்டரைக்குச் சின்ன டப்பாவில் தயிர்சாதம். இரவு பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு. இதைப் படித்தபோது, உங்களிடம் குறைவது மன உறுதி அல்ல, பகல் சாப்பாடு என்றுதான் தோன்றியது. அரைப்பட்டினியாக இருப்பவர் முன்னால் சூடான வடையை வைத்துவிட்டு 'உறுதியாக இரு' என்றால் யாரால் முடியும்?

மன அழுத்தம் இதில் சேர்ந்துகொள்கிறது. கேஷ் டேலி ஆகாத நேரத்தில் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும். அது நீடித்தால் பலருக்குப் பசியும், இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்கள் மீதான ஆசையும் அதிகமாகும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறி, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் இறங்கும். க்ளோசிங் மாதத்தில் இரண்டும் ஒன்றாக வருகின்றன. அந்த மாதம் எடை ஏறியதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் முதலில் மாலை நாலரை மணியைச் சரிசெய்யுங்கள். காலையில் இட்லியோடு ஒரு முட்டை, அல்லது சாம்பாரைக் கெட்டியாக ஒரு கிண்ணம். மதியம் சாதம் எவ்வளவோ அதே அளவு காய், கூடவே பருப்போ மீனோ. நாலு மணிக்கு, டீ வருவதற்கு முன்பே, அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல். அதில் சுமார் 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கும். கலோரி என்று பார்த்தால் அதுவும் ஒரு வடையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு வடையோடு யார் நிறுத்துகிறோம்? சுண்டல் செய்ய முடியாத நாளுக்கு டிராயரில் பொட்டுக்கடலை இருக்கட்டும், பிஸ்கெட் வேண்டாம். (டிராயரில் பிஸ்கெட் வைத்திருப்பவர்கள் எல்லோருமே 'அவசரத்துக்கு' என்றுதான் சொல்கிறார்கள்.)

அப்புறம் டீ. ஃப்ளாஸ்க்கில் வரும் டீயில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே போட்டிருக்கும். ஒரு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் 10 கிராம். நாளைக்கு நாலு டீக்கு 40 கிராம், அதாவது 160 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. கடைப் பையனிடம் 'ஒண்ணு மட்டும் சர்க்கரை இல்லாம' என்று சொல்லி வையுங்கள். நாலை இரண்டாகக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கேக் விஷயத்தில் கறாராக இருக்க வேண்டாம். 'டயட்டில் இருக்கிறேன்' என்று அறிவித்தால் ஆளாளுக்கு 'ஒரு வாய்தானே' என்று ஊட்ட வருவார்கள். தட்டை வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வாய் சாப்பிடுங்கள், மீதியை அப்படியே வைத்துவிட்டு சீட்டுக்குப் போய்விடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். டென்ஷனில் கை போகும்போது முதலில் எழுந்து மாடிப்படி ஒருமுறை ஏறி இறங்குங்கள், தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் கழித்தும் பசித்தால் அது உண்மையான பசி, சாப்பிடலாம்.

ஆர்வம் குறைய இன்னொரு காரணம் எடை மெஷின். உப்பு, தண்ணீர், மாதவிடாய் என்று ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் காட்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. முதல் இலக்காக 5 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது 3.7 கிலோ. அந்த அளவு குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் பலன் தெரிய ஆரம்பிக்கும்.

உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு 30 என்பதால் தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த மார்ச்சில் எடை குறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஏறாமல் இருந்தால் போதும். நடைப்பயிற்சி செய்துவந்து அந்த மாதம் விட்டுப்போனால் ஏப்ரலில் தொடரலாம். நாலு மணிச் சுண்டல் டப்பாவை மட்டும் அந்த மாதமும் விட்டுவிடாதீர்கள்.