மலேசிய எண்ணெயாகப் பெயர் மாறும் ஈரான் எண்ணெய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கா தடை விதித்த பிறகும் ஈரான் கச்சா எண்ணெய் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது என்கிறார்கள். அவ்வளவு பெரிய கப்பலை எப்படி மறைக்கிறார்கள்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: கப்பலை மறைக்கப் படும் பாட்டைவிட, சரக்கின் பிறப்பிடத்தை மாற்றப் படும் பாடுதான் அதிகம். ஈரானின் கார்க் தீவில் எண்ணெய் ஏற்றிக்கொண்ட பழைய டாங்கர் ஒன்று, தன் இருப்பிடத்தை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டோ, வேறெங்கோ இருப்பதாகப் பொய்ச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டோ, மலேசியாவை ஒட்டிய கடற்பரப்புக்கு வந்து சேர்கிறது. அங்கே இன்னொரு டாங்கர் அதன் பக்கவாட்டில் வந்து நிற்கும்; இரண்டும் உரசிக்கொள்ளாதபடி நடுவே பெரிய ரப்பர் மிதவைகள் கிடக்க, குழாய் வழியே எண்ணெய் கைமாறும். இரண்டாவது கப்பல் சீனத் துறைமுகத்தை அடையும்போது, ஆவணங்களில் அது மலேசியச் சரக்கு. சீனச் சுங்கத்துறையின் கணக்கில் சில ஆண்டுகளாக ஈரான் எண்ணெய் அநேகமாக இல்லவே இல்லை. மலேசியாவிலிருந்து வந்ததாகப் பதிவாகும் எண்ணெயோ, மலேசியா எடுக்கும் மொத்த எண்ணெயையும் மிஞ்சுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் இது.

வாங்குபவர்கள் பெரும்பாலும் சீனாவின் ஷான்டோங் மாகாணத்தின் சிறு தனியார் சுத்திகரிப்பு ஆலைகள். அவர்களுக்குத் தள்ளுபடி விலை கிடைக்கிறது. டாலரைத் தொடாமல் யுவானில் பணம் கட்டுவதால் அமெரிக்க வங்கிகளைப் பற்றிய அச்சமும் குறைவு.

இந்தத் தள்ளுபடிக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். 2023 மே 1 அன்று, கபோன் நாட்டுக் கொடியுடன் சென்ற ‘பாப்லோ’ என்னும் டாங்கர் மலேசியக் கடலோரம் வெடித்தது. 1997இல் கட்டப்பட்ட கப்பல் அது. 28 பணியாளர்களில் மூவர் காணாமல் போயினர். நல்லவேளையாக, அப்போது அதில் சரக்கு இல்லை.

கேள்வி: நான் பால் பேரிங் வியாபாரி. கிர்கிஸ்தானிலிருந்து ஒரு புதிய நிறுவனம், விலையில் பேரமே பேசாமல், முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்புவதாகச் சொல்லிப் பெரிய ஆர்டர் கொடுக்கிறது. இந்தியச் சட்டம் தடுக்காதபோது நான் ஏன் தயங்க வேண்டும்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐ.நா. பாதுகாப்பு அவை விதிக்கும் தடைகளை மட்டுமே இந்தியா ஏற்கிறது என்பது சரிதான். ஆனாலும் 2024 அக்டோபரில் ரஷ்யா தொடர்பாக அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தவர்களில் 19 இந்திய நிறுவனங்கள் இருந்தன. கிர்கிஸ்தானும் ரஷ்யாவும் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பதால், அங்கே இறங்கும் சரக்கு மேற்கொண்டு வடக்கே போவதற்குப் பெரிய தடங்கல் ஏதுமில்லை. உங்கள் பால் பேரிங்கின் எச்.எஸ். குறியீடான (சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் எண்) 8482.10, ரஷ்ய ஆயுத உற்பத்திக்கு உதவக்கூடியவை என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஜப்பானும் சேர்ந்து தொகுத்த 50 குறியீடுகளில் ஒன்று.

டாலர் இன்வாய்ஸ் என்றால், பணம் பொதுவாக ஓர் அமெரிக்க வங்கியின் வழியாகத்தான் வரும். சூடான், ஈரான், கியூபா வாடிக்கையாளர்களுக்காகப் பணப்பரிமாற்றக் குறிப்புகளிலிருந்து பெயர்களை நீக்கிய பிரெஞ்சு வங்கியான பி.என்.பி. பாரிபா, 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அமெரிக்காவுக்கு அபராதமாகக் கட்டியது கிட்டத்தட்ட 900 கோடி டாலர். அதன் பிறகு எந்த வங்கியும் சந்தேகத்தின் பலனை வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. முதலில் கணக்கை முடக்கிவிட்டுத்தான் கேள்வி கேட்கும்.

ஆகவே அந்த நிறுவனம் எந்த ஆண்டு பதிவானது, பேரிங் எந்த ஆலைக்குப் போகிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பியத் தயாரிப்பை மறுவிற்பனை செய்பவரானால், ரஷ்யாவுக்கு மறு ஏற்றுமதி கூடாது என்னும் நிபந்தனை உங்கள் கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் கண்ணை முதலில் உறுத்துவது பேரம் பேசாத அந்தக் குணம்தான். சொந்தக் காசில் பேரிங் வாங்குகிறவர் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை.

கேள்வி: இலங்கை ஈரானுக்குத் தேயிலை கொடுத்து எண்ணெய்க் கடனை அடைத்ததும் தடை மீறல்தானே?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: இல்லை. பழைய எண்ணெய்க் கடனான 25.1 கோடி டாலருக்கு ஈடாகத் தேயிலை அனுப்ப 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. தேயிலை உணவுப்பொருள் என்பதால் தடையிலிருந்து விலக்கு உண்டு. ஏற்றுமதியாளர்களுக்கு உள்நாட்டிலேயே ரூபாயில் பணம் கொடுப்பது என்பதே ஏற்பாடு. தடைப்பட்டியலில் உள்ள எந்த ஈரானிய வங்கிக்கும் அதில் வேலை இல்லை.