பேப்பர்காரரிடம் சொன்னது யார்? – அக்கா பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, பத்திரிகைக்குத் தகவல் கொடுப்பதைப் பற்றிக் கேட்கின்றன. நாகர்கோவிலில் நான் நிருபராக இருந்த காலத்திலும் இதே கேள்விகளை நேரில் வந்து கேட்டவர்கள் உண்டு. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர், ஊர், பதவி எதையும் அச்சில் விடவில்லை. கடிதங்களையும் எரித்தாயிற்று.

*அக்கா, கனிம லாரிகள் வந்துபோகும் ஒரு இடத்தில் வேலை பார்க்கிறேன். நடைச்சீட்டில் (கனிமத்தைக் கொண்டுபோக வழங்கும் அனுமதிச் சீட்டு) எழுதியிருக்கும் எடை ஒன்று, லாரியில் போகும் எடை இன்னொன்று. ரசீதுகளைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நிருபருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்கிறார்களே, உண்மையா?*

மக்களே, முதலில் உங்கள் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஊர் இருந்தது, எந்த ஷிப்டு என்று இருந்தது, எத்தனை வருஷமாக அங்கே வேலை என்று இருந்தது. உங்கள் மேற்பார்வையாளர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு இந்த மூன்றும் போதும். ஆணா பெண்ணா என்பதைக்கூட நான் இங்கே காட்டப்போவதில்லை.

ஆகவே போனைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த ரசீதை உங்களைத் தவிர இன்னும் எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? இரண்டு பேர் என்றால் அனுப்பாதீர்கள். எந்தச் செயலியும் உங்களைக் காப்பாற்றாது. முப்பது பேர் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

அமெரிக்காவில் 2017-ல் நடந்ததைச் சொல்கிறேன். ரியாலிட்டி வின்னர் என்ற பெண், அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு வேலை செய்துகொடுக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் இருந்தார். அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யாவின் தலையீடு பற்றிய ஒரு ரகசிய அறிக்கையை அச்செடுத்து, தி இன்டர்செப்ட் என்ற செய்தி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினார். வந்தது உண்மையான ஆவணம்தானா என்று சரிபார்க்க, செய்தியாளர்கள் அதன் நகலை அரசிடமே காட்டினார்கள். காகிதத்தை மடித்த தடம் நகலில் தெரிந்தது. அப்படியானால் யாரோ அச்செடுத்து வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று ஆயிற்று. அச்செடுத்தவர்கள் யார் யார் என்று பதிவைப் பார்த்தால் ஆறே பேர். அந்த ஆறு பேரின் அலுவலகக் கணினிகளைச் சோதித்தபோது, அந்தச் செய்தி நிறுவனத்தோடு மின்னஞ்சல் தொடர்பு இருந்தது ஒருவருக்கு மட்டும். அவருக்கு ஐந்து வருஷம் மூன்று மாதம் சிறை. வண்ண லேசர் பிரிண்டர்கள் பலவும் தேதியையும் இயந்திரத்தின் எண்ணையும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளாகக் காகிதத்தில் பதித்துவிடும் என்பது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. வெளியான நகலிலும் அந்தப் புள்ளிகள் இருந்தன. ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க ஆறு பேர் கொண்ட பட்டியலே போதுமாக இருந்தது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நெருக்கம் இன்னும் அதிகம். மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் எடுத்தால் கடைக்காரருக்கு உங்கள் சித்தப்பாவைத் தெரிந்திருக்கும். தக்கலையில் ஒரு நிருபரோடு நின்று டீ குடித்தால், நீங்கள் பஸ் ஏறும் முன்பே வீட்டுக்குத் தகவல் போய்விடும்.

லாரி ரசீது டிரைவர், எடைமேடை, செக்போஸ்ட், சரக்கு இறக்குபவர் என்று பல கை மாறுவது. அப்படிப் பல கை மாறிய ரசீதாகப் பார்த்துக் கொடுங்கள். உங்கள் ஷிப்டு ரசீதுகளை மட்டும் கொடுத்தால் அடியில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்ததற்குச் சமம். மற்ற ஷிப்டுகளுடையதும் கலந்திருந்தால் நல்லது. அதற்காக உங்களுக்கு வேலையில்லாத அறையில் போய்த் தேட வேண்டாம், அதையும் ஒருவர் பார்த்து வைத்திருப்பார்.

இதைவிட நல்ல வழி, காகிதத்தையே கொடுக்காமல் இருப்பது. எந்தத் துறையில் எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும், எந்த மாதத்துக்குக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நிருபரிடம் சொல்லுங்கள். அவர் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வழங்கப்பட்ட நடைச்சீட்டுகளின் கணக்கை எழுதிக் கேட்கட்டும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பிறகு அவரே ரோட்டோரம் நின்று லாரிகளை எண்ணட்டும். செய்தி வரும்போது அரசு கொடுத்த கணக்கும் நிருபர் கண்ணால் கண்டதும்தான் அதில் இருக்கும். உள்ளிருந்து யார் சொன்னது என்ற பேச்சுக்கு அங்கே வேலை குறைவு. தாமதமாகும், உண்மைதான். உங்கள் வேலையை நினைத்தால் அந்தத் தாமதம் பெரிதில்லை என்பேன்.

இனி வாட்ஸ்அப். நீங்கள் அனுப்பும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது சரி. ஆனால் எந்த எண்ணும் எந்த எண்ணும் எப்போது தொடர்பு கொண்டன என்ற விவரம் படிக்க முடியாததாக இல்லை. நிருபரின் போனை யாராவது கைப்பற்றினால் எல்லாம் அதில் கிடக்கும். சாதாரண போன் பேச்சு இன்னும் மோசம். யார் யாரை அழைத்தார்கள் என்ற பதிவைத் தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதியையே மாற்றினார்கள். சிக்னல் என்ற செயலி இவற்றைவிட மேல். 2016-ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. 2024 முதல் போன் எண்ணைக் காட்டாமல் ஒரு பயனர் பெயரை வைத்தே அதில் பேசலாம். செய்திகள் தானாக அழியும் வசதியை இருவருமே போட்டுக்கொள்ளுங்கள். அலுவலக வைஃபையில் இதைச் செய்யாதீர்கள், அந்த நிருபரின் பெயரைக்கூட அதில் தேடாதீர்கள்.

படத்தில் கவனம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரமும், இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால் இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் கழன்றுவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். படத்தின் ஓரத்தில் மேஜை விரிப்பும் உங்கள் கட்டைவிரலும் தெரிந்தால் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

வேறொருவர் பெயரில் சிம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது, ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்குவது 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். நியாயத்துக்காக நிற்கிறவர் அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பிரவுசிங் சென்டரும் வேண்டாம். 2011 விதிகளின்படி அடையாள அட்டை கேட்டு, பதிவை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பழைய சிவப்புத் தபால் பெட்டி இன்றைக்கும் நல்ல வழி. ஸ்டாம்பு ஒட்டி, கையால் முகவரி எழுதாமல், உங்கள் ஊர் முத்திரை விழாத இடத்தில் போடுங்கள். ஸ்பீட் போஸ்ட் வேண்டாம், அதில் அனுப்புநர் விவரம் பதிவாகும்.

*அக்கா, எங்கள் கடற்கரை ஊரில் மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பட்டியலில் கடலுக்கே போகாதவர்கள் பெயர் இருக்கிறது. டிவியில் இருந்து வந்து கேட்கிறார்கள். முகத்தை மங்கலாக்கிக் காட்டுவார்களாம். பேசலாமா?*

ஊரில் உங்களை ஒரு முகமாக மட்டுமா தெரியும்? குரல் தெரியும், உட்காரும் விதம் தெரியும், கையில் குத்திய பச்சை தெரியும், பின்னால் இருக்கும் சுவரின் நிறம் தெரியும். முகத்தை மங்கலாக்குவது சென்னையில் டிவி பார்ப்பவரிடமிருந்துதான் உங்களை மறைக்கும். உங்களுக்குப் பயம் பக்கத்துத் தெருவிலும் ஊர் கமிட்டியிலும் இருப்பவர்களிடம்.

பேசுவதானால் ஊருக்கு வெளியே, யாருக்கும் தெரியாத ஒரு அறையில் பேசுங்கள். உங்கள் குரலையே போடக் கூடாது. குரலைத் தடிக்க வைத்தோ மெலிய வைத்தோ போட்டால் திருப்பிக் கொண்டுவர முடியும், பேச்சு வழக்கும் மாறாது. குளச்சல் பேச்சுக்கும் சின்னமுட்டம் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கெல்லாம் காதிலேயே தெரியுமே. நீங்கள் சொன்னதை எழுதி, அவர்கள் அலுவலகத்தில் வேறொருவர் வாசிக்கட்டும்.

இன்னொன்று, தேதி. நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. “ஜூலையில் படகு கரையில் கிடந்தபோது” என்று நீங்கள் சொன்ன ஒரு வரி போதும், கேட்கிறவர் பாதி மாவட்டத்தைக் கழித்துவிடுவார். சங்கத்தில் யாரிடம் என்ன சண்டை போட்டீர்கள் என்பதையும் சொல்லாதீர்கள். முன்பே புகார் கொடுத்தவர் நீங்கள் என்றால் உங்களைத்தான் முதலில் நினைப்பார்கள். அப்படி இருந்தால் வேறொருவர் பேசுவது நல்லது.

*சட்டம் படிக்கிறேன். நீதிமன்றம் கேட்டால் நிருபர், தகவல் தந்தவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? தகவல் தருபவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?*

நிருபரைக் காப்பாற்ற நேரடியான சட்டம் இல்லை. 1978-ஆம் வருஷத்துப் பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு, தகவல் வந்த இடத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது, பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் அந்தக் கவுன்சில் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டும். வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, நிருபரிடம் பேசியதற்கு இல்லை. அதையும் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் தன் 93-ஆவது அறிக்கையில் 1983-லேயே எழுதிவிட்டது. போன்களை உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், தகவல் தருபவர்களைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அடிப்படை என்று சொன்னது பெரிய ஆறுதல். ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி என்ன நினைக்கிறார் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

தகவல் தருபவர் பக்கம் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேஜை மேஜையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் 2004-ல், மத்திய அரசு ஊழல் பற்றிய புகாரை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெயரை மறைத்து வாங்கலாம் என்று ஏற்பாடு வந்தது. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. அந்தச் சட்டமும் பெயரில்லாப் புகாரை ஏற்காது, பத்திரிகையிடம் பேசியவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் வக்கீலாகும்போது இதைக் கையில் எடுங்கள்.

அதுவரை நடைமுறையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு, நிருபரிடம் உங்கள் பெயர் எழுத்தில் இல்லாமல் இருப்பதுதான். நோட்டில் எழுத வேண்டாம், போனில் உங்கள் எண்ணைப் பெயரோடு சேமிக்க வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

*“இது நமக்குள் இருக்கட்டும்” என்று பேசி முடித்தபின் சொன்னால் போதுமா?*

போதாது. வாயைத் திறக்கும் முன் பேசி முடிவு செய்ய வேண்டும். பெயர் வராது என்பதோடு நிறுத்தாமல், என்னை எப்படிக் குறிப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். “துறை வட்டாரம்” என்று போட்டால் ஆயிரம் பேர், “அந்த அலுவலகத்தின் மூத்த ஊழியர்” என்றால் நான்கு பேர். பெயர் இன்னும் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். ஆசிரியருக்கு மட்டுமா, படம் எடுப்பவருக்குமா? உங்களைச் சுட்டும் வரிகளை மட்டும் அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் காட்டுவாரா என்றும் கேளுங்கள்.

இதையெல்லாம் கேட்டு எரிச்சல்படுகிறவரிடம் தகவல் கொடுக்க வேண்டாம். நம் ஊர் நிருபர்களில் சிலர் அதே முதலாளிகளிடம் விளம்பரமும் வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் விஷயம் பெரிது என்றால், உங்கள் முதலாளியைத் தெரியாத வெளியூர் நிருபர் ஒருவரைத் தேடுங்கள். அவர் முன்பு எழுதிய செய்திகளை வாசித்து, அதில் தகவல் தந்தவரை உங்களால் ஊகிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அவரும் வேண்டாம்.